ஜிஆர்86, பிஆர்இசட்: கம்பெனி டயர் தேய்ந்த பிறகு என்ன செய்வது?

டொயோட்டா ஜிஆர்86, அதோடு கூடப்பிறந்த சுபாரு பிஆர்இசட் ஆகிய இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் அமெரிக்காவில் 2022 மாடலில் கம்பெனி டயர் இரண்டு விதமாக வந்தது. விலை குறைந்த வகையில் 17 அங்குல வீல், 215/45 ஆர்17 அளவில் மிஷலின் பிரைமசி ஹெச்பி. மேல் வகையில் 18 அங்குல வீல், 215/40 ஆர்18 அளவில் மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4. ஒரே இன்ஜின், ஒரே சஸ்பென்ஷன். ஆனாலும் இந்த இரண்டு டயரில் ஓட்டும்போது இரண்டு வேறு கார்களை ஓட்டுவது போலத்தான் இருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. 2012இல் முதல் தலைமுறை 86 வந்தபோது, ப்ரியஸ் காருக்கும் பொருத்தப்பட்ட பிரைமசி ஹெச்பியை ஒரு ஸ்போர்ட்ஸ் காரில் போட்டதற்காகப் பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் அது தெரிந்தே எடுத்த முடிவு. சாதாரண வேகத்திலேயே காரின் பின்பக்கம் மெல்ல நழுவ வேண்டும், நழுவுவதை ஓட்டுபவர் உணர வேண்டும், ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி மீட்க முடிய வேண்டும் என்று நினைத்தே அந்தக் காரை வடிவமைத்தார்கள். பைலட் ஸ்போர்ட் 4 போட்ட வகையில் அந்த நழுவல் தொடங்குவதற்கு இன்னும் அதிக வேகம் தேவை.

அதனால் டயர் தேய்ந்ததும் "இருப்பதிலேயே அதிகப் பிடிப்புள்ள டயர் எது?" என்று கேட்பது சரியான தொடக்கம் அல்ல. இந்தக் காரில் உங்களுக்குப் பிடித்தது எது, அது புது டயரிலும் இருக்குமா என்பதுதான் முதல் கேள்வி.

கழற்றுவதற்கு முன் பழைய டயரைப் படியுங்கள்

பழைய டயரைக் கடையில் விட்டுவிட்டால் அதில் இருந்த தகவலும் போய்விடும். எனவே கார் வீட்டில் நிற்கும்போதே அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு டெப்த் கேஜ் போதும். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கு டயருக்கு மொத்தம் 12 எண்கள். உள்விளிம்பை அளக்க முன் வீலை முழுவதுமாக ஒரு பக்கம் ஒடித்துக்கொள்ளலாம். பின் வீலுக்கு, கீழே படுத்துத்தான் பார்க்க வேண்டும். சோம்பலில் இதை விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகத் தெரியும் டயர், உள்ளே வழுக்கையாகி இருப்பது இந்த மாதிரிக் கார்களில் சாதாரணம்.

புது டயரில் ஆழம் ஏறக்குறைய 7.5 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்கே ஓடும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீட்டரைக் காட்டுகின்றன. பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்தால், அமெரிக்காவின் பல மாநிலங்களில் அது சட்டப்படி ஓட்டக்கூடாத டயர். ஆனால் மழையில் அதற்கு வெகு முன்பே ஆபத்து தொடங்கிவிடுகிறது. பள்ளம் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தண்ணீரை வெளியேற்றும் இடம் குறைந்து, நெடுஞ்சாலை வேகத்தில் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்குகிறது. எடை குறைந்த, பின்சக்கர இழுவை உள்ள இந்தக் காரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. கேஜ் இல்லையென்றால் ஒரு குவார்ட்டர் (25 சென்ட்) நாணயத்தை, அதில் உள்ள வாஷிங்டன் உருவம் தலைகீழாக இருக்கும்படி பள்ளத்தில் செருகுங்கள். தலையின் உச்சி முழுவதும் தெரிந்தால் 3.2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டது என்று பொருள்.

எழுதிய எண்களை இப்படிப் படிக்க வேண்டும். இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். முன் டயரில் வெளிவிளிம்பு மட்டும் உருண்டு மழுங்கியிருந்தால் வளைவுகளில் வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள். இந்தக் காரில் முன் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய பூஜ்ஜியத்தில்தான் வருகிறது, ஆகவே வளைவில் வெளித் தோள்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், அதிலும் கையால் தடவும்போது ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பம் போலச் சொரசொரப்பாகவும் இருந்தால், டோ கோணம் (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கெட்டிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதுவும் இதே கதிக்கு வரும். அங்கங்கே குழி விழுந்தது போலத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சையோ சந்தேகப்படுங்கள். பின் டயர் முன் டயரை விட முன்னதாகத் தேய்ந்திருப்பது மட்டும் கோளாறு அல்ல. இழுவை முழுவதும் பின்னால் போகும் காரில் அது இயல்பு.

இரண்டா, நான்கா?

பின்னால் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு போதுமா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். முன் டயரில் 5 மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் இருந்து, அதே பிராண்டில் அதே மாடல் இன்னும் கிடைக்கிறது என்றால் இரண்டு போடலாம். புதியவை பின்னால்தான் போக வேண்டும். முன் டயர் மழையில் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. பின் அச்சில் இடப்பக்கம் ஒரு டயர், வலப்பக்கம் வேறொன்று என்று போடக்கூடாது. இந்தக் காரில் பின்னால் டார்சன் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பின் வீலுக்கும் இழுவையைப் பங்கிடும் கியர் அமைப்பு, இருக்கிறது. இரண்டு பக்கமும் விட்டம் வேறுபட்டால் நேர்ச் சாலையிலும் அது ஓயாமல் வேலை செய்து தேயும். பஞ்சரில் ஒரு பின் டயர் கிழிந்துபோனாலும், அந்த அச்சுக்கு இரண்டாக மாற்றுவதே சரி. முன்னால் ஒரு மாடலும் பின்னால் வேறு மாடலும் கலப்பதையும் தவிருங்கள். கார் சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் நான்கு வீலின் வேகத்தையும் ஒப்பிட்டே முடிவெடுக்கிறது. அதோடு, முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபட்டால் இந்தக் காரின் சமநிலையே போய்விடும்.

அளவு: பக்கச் சுவரில் இருப்பதை அப்படியே போட வேண்டுமா?

215/40 ஆர்18 85ஒய் என்பதில் 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது பக்கச் சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 40 விழுக்காடு. 18 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 85 சுமைக் குறியீடு, ஒரு டயருக்கு 515 கிலோ. ஒய் என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வரை தாங்கும் வேகக் குறியீடு. 17 அங்குல டயரின் 87 என்பது 545 கிலோ, டபிள்யூ என்பது 270 கிலோமீட்டர். சுமைக் குறியீடு கம்பெனி எண்ணுக்குக் கீழே போகவே கூடாது. வேகக் குறியீட்டையும் குறைக்காமல் இருப்பதே சரி.

215/40 ஆர்18 பரவலான அளவு அல்ல. ஆகவே தேர்வு குறைவு, விலையும் கூடுதல். பக்கத்து அளவான 225/40 ஆர்18 எல்லாக் கம்பெனியும் செய்யும் அளவு. பழைய அளவின் விட்டம் 629 மில்லிமீட்டர், இதன் விட்டம் 637. வித்தியாசம் 1.3 விழுக்காடுதான், ஸ்பீடோமீட்டர் கணக்கும் கியர் விகிதமும் அந்த அளவுக்கே மாறும். கம்பெனி வீலின் அகலம் 7.5 அங்குலம், 225/40 ஆர்18க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 முதல் 9 வரை. எனவே பொருந்தும், ஆனால் கீழ் எல்லையில் பொருந்தும். 17 அங்குல வீல்காரர்களுக்கு 225/45 ஆர்17 அதே மாதிரி: ரிம் எல்லை 7 முதல் 8.5, விட்டத்தில் 1.4 விழுக்காடு கூடுதல்.

235/40 ஆர்18க்குத் தாவ நினைப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். அதற்குக் குறைந்தது 8 அங்குல ரிம் தேவை. 7.5 அங்குல ரிம்மில் அதை மாட்டினால் பக்கச் சுவர் உள்நோக்கி வளைந்து, வளைவில் டயர் பிதுங்கும். அகலமான டயர் வாங்கியும் ஸ்டியரிங் மந்தமாகிவிட்டதே என்ற ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும் வகை) என்று அச்சிட்ட டயர் கிடைத்தால் குழம்ப வேண்டாம். 215/40 ஆர்18 எக்ஸ்எல் டயரின் சுமைக் குறியீடு 89 இருக்கும். அந்த 89 என்பது அதிகக் காற்றில் அளந்த எண். காரின் கதவுத் தூணில் ஒட்டிய தாளில் சொன்ன காற்றில் அது சுமக்கும் எடை ஏறக்குறைய 85 டயர் சுமப்பதற்குச் சமம். எனவே எக்ஸ்எல் என்பதற்காகத் தனியாகக் காற்றை ஏற்ற வேண்டியதில்லை.

எந்த வகை டயர்?

முதலில் வெயிலையும் குளிரையும் பாருங்கள். பலருக்குத் தெரியாத செய்தி: பைலட் ஸ்போர்ட் 4 மட்டுமல்ல, பிரைமசி ஹெச்பியும் கோடைக்கால டயர்தான். வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே அதன் பிடிப்பை நம்பவே முடியாது, பனியில் கேட்கவே வேண்டாம். கடுங்குளிரில் விறைத்த கோடை டயரை அசைத்தால் பட்டனில் வெடிப்பு விழவும் கூடும். மிச்சிகனிலோ டொராண்டோவிலோ இருப்பவர்களுக்கு நல்ல வழி, 17 அங்குல வீலில் தனியாக ஒரு செட் விண்டர் டயர். பிரெம்போ பிரேக் உள்ள வகையாக இருந்தால், 17 அங்குல வீல் பிரேக் கேலிப்பரில் உரசாமல் உட்காருகிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகே வாங்குங்கள். குளிர் லேசாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஊர் என்றால், மிஷலின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 அல்லது கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ்06 பிளஸ் போன்றவை ஆண்டு முழுவதும் ஒரே செட்டில் ஓட்ட உதவும். கோடையில் ஸ்டியரிங் கூர்மை கொஞ்சம் குறையும் என்பதை ஒப்புக்கொண்டு வாங்க வேண்டும்.

அன்றாடம் ஓட்டி, வார இறுதியில் மலைச் சாலைக்குப் போகிறவர்களுக்கு பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் ஸ்போர்ட் 02, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் வரிசைதான் பொருத்தம். மழையிலும் நம்பலாம், தேய்மானமும் நியாயமாக இருக்கும். பிரைமசியிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய மாற்றம். பிரேக் தூரம் குறையும், வளைவில் நம்பிக்கை கூடும். ஆனால் முன்பு 50 கிலோமீட்டர் வேகத்தில் கிடைத்த அந்த மெல்லிய நழுவல் இனி பொதுச்சாலையில் பாதுகாப்பாகத் தேட முடியாத வேகத்துக்குப் போய்விடும். அந்த நழுவலை நேசிப்பவர்கள் மறுபடியும் பிரைமசி போன்ற டூரிங் டயரையே போடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

பக்கச் சுவரில் ட்ரெட்வேர் என்று ஓர் எண் இருக்கும். எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே கொடுத்துக்கொள்கிறது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும், இரண்டு கம்பெனியை ஒப்பிட அவ்வளவாக உதவாது. 200 என்ற எண்ணோடு வரும் பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா ஏ052, ஃபால்கன் ஆர்டி660 ஆகியவை ட்ராக்குக்கானவை. சூடேறினால் அபாரப் பிடிப்பு. சாலையில் சீக்கிரம் தேயும், சத்தம் போடும், தேங்கிய நீரில் சிரமப்படும். ஒரே செட்டில் ஆபீசுக்கும் போய்வர வேண்டியவர்களுக்கு இவற்றைப் பரிந்துரைக்க முடியாது.

பணம் கொடுக்கும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான் அது. 1425 என்றால் 2025ஆம் ஆண்டின் 14ஆவது வாரம். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஓராண்டுக்குள் செய்ததை வாங்குவது நல்லது. நான்கும் ஒரே வாரத்தில் செய்ததாக இருக்கத் தேவையில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் மறுத்துவிடுங்கள்.

வீலைக் கழற்றும் முறை

காரையே கடையில் விட்டுவிடலாம். அல்லது வீட்டில் வீலை மட்டும் கழற்றி எடுத்துப் போகலாம். இரண்டாவது வழியில் நட்டை முடுக்குவது உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் லாபம். தேவையானவை: தாழ்வான ஜாக்கி, நான்கு ஜாக் ஸ்டாண்டு, 19 மில்லிமீட்டர் சாக்கெட், நீளமான பிரேக்கர் பார், டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ரெஞ்ச்), வீல் கட்டைகள், நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை, கம்பி பிரஷ். திருட்டுத் தடுப்பு நட்டு போட்டிருந்தால் அதன் சாவி எங்கே என்று முதலில் தேடுங்கள். கடையில் போய்த் தேடினால் நாள் வீணாகும்.

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எதிர்மூலை வீலுக்குக் கட்டை வையுங்கள். கார் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் வீல் சுற்றும், ஸ்டாண்டும் ஆடும். ஜாக்கி வைக்கும் இடம் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு மடிப்பில், இரண்டு வெட்டுக்குறிகளுக்கு நடுவில். ரப்பர் கட்டை இல்லாமல் இரும்பு ஜாக்கியை நேராக வைத்தால் அந்த மடிப்பு நசுங்கும், பெயின்ட் உதிர்ந்து அங்கிருந்து துரு ஏறும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவது ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பி காருக்கு அடியில் கை விடாதீர்கள்.

வீல் ஹப்பில் (வீல் உட்காரும் அச்சு முனையில்) ஒட்டிக்கொண்டு வரவில்லையென்றால், எதிர்ப்பக்கப் பக்கச் சுவரில் உள்ளங்காலால் ஒரு உதை. சுத்தியல் வேண்டாம். கழற்றியதும் ஒவ்வொரு வீலிலும் அது இருந்த இடத்தைச் சாக்பீஸால் எழுதுங்கள். ஹப் முகத்தையும் நடுத்துளை உட்காரும் 56.1 மில்லிமீட்டர் விளிம்பையும் கம்பி பிரஷால் துருப் போகத் தேயுங்கள். அங்கே ஒரு மெல்லிய துருப் படலம் இருந்தாலும் வீல் சாய்ந்து உட்காரும். பேலன்ஸ் மெஷினில் பூஜ்ஜியம் காட்டிய வீல் சாலையில் அதிர்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

40 சீரிஸ் டயரின் பக்கச் சுவர் தடிப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். பழைய மெஷினில் கடப்பாரை போட்டு நெம்பும் இடமாக இருந்தால் ரிம்மின் விளிம்பு கீறிப்போகும். ரிம்மைத் தொடாமல் டயரைக் கழற்றும் மெஷின் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

வால்வுக்கு உட்புறம் காற்றழுத்த சென்சார் இருக்கிறது. டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்க அழுத்தும் தட்டு வால்வுக்கு அருகில் விழுந்தால் சென்சார் உடையும். வால்வுக்கு எதிர்ப்பக்கமாகத் தொடங்கச் சொல்லுங்கள். சென்சாரின் வால்வு அலுமினியத்தில் இருந்தால், உள்ளே போடும் ஊசி நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். சாதாரணப் பித்தளை ஊசி அலுமினியத்தோடு சேர்ந்து அரித்து இறுகிப்போகும், பிறகு திருகினால் வால்வே உடையும். ரப்பர் வாஷர், ஊசி, மூடி அடங்கிய சின்ன சர்வீஸ் கிட் சில டாலர்தான். ஒவ்வொரு டயர் மாற்றத்திலும் அதைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சென்சாரின் பேட்டரி பொதுவாக 7 முதல் 10 ஆண்டு தாங்கும், பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது. பழைய கார் என்றால் டயர் கழற்றிய கையோடு சென்சாரையும் மாற்றுவது மறுபடி ஒரு கூலியை மிச்சப்படுத்தும். புது சென்சாரின் எண்ணைக் கருவி கொண்டு காரில் பதிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

டயரின் திசையைக் கவனியுங்கள். அவுட்சைடு என்று எழுதிய பக்கம் நான்கு வீலிலும் வெளியே இருக்க வேண்டும். அம்புக்குறி உள்ள டயராக இருந்தால், இடம் வலம் பார்த்து மாட்ட வேண்டும். மஞ்சள் புள்ளி டயரின் எடை குறைந்த இடம், அது வால்வுக்கு நேரே வர வேண்டும். சிவப்புப் புள்ளி டயரின் மேடான இடம், ரிம்மில் தாழ்வான இடத்துக்குக் குறி இருந்தால் அதற்கு நேரே வர வேண்டும்.

டயர் ரிம்மில் உட்காரும்போது இரண்டு முறை "டொப்" என்று சத்தம் வரும். அதற்காக 40 பிஎஸ்ஐக்கு மேல் காற்று ஏற்றக்கூடாது. உட்காரவில்லையென்றால் காற்றை இறக்கி, சோப்புக் குழம்பு தடவி, மறுபடி முயல வேண்டும். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது உயிருக்கு ஆபத்து. உட்கார்ந்த பிறகு, ரிம்முக்கு மேலே டயரில் ஓடும் மெல்லிய வளையக் கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ரிம் விளிம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

பேலன்சிங்கில் பழைய வெயிட்டுகளை எல்லாம் பிய்த்து, ரிம்மின் உட்புறச் சேற்றையும் பசையையும் துடைத்த பிறகே மெஷினில் ஏற்றச் சொல்லுங்கள். வெளி விளிம்பில் தட்டி மாட்டும் வெயிட் அலாய் வீலைக் கீறும். ஒட்டும் வெயிட்டை ஸ்போக்குக்குப் பின்னால் போட்டால் போதும். ஒட்டிய பிறகு ஒருமுறை சுற்றி இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் காட்டுவதை நீங்களே பாருங்கள். ஒரு வீலுக்கு 60 கிராமுக்கு மேல் கேட்டால், டயரை ரிம்மில் 180 பாகை திருப்பி மறுபடி பார்க்கச் சொல்வது நியாயமான கோரிக்கை.

திரும்ப மாட்டுதல்: 120 நியூட்டன் மீட்டர்

இந்தக் காரின் ஸ்டட்டுகள், அதாவது நட்டு ஏறும் திருகுகள், 12 மில்லிமீட்டர் தடிமன், 1.25 மில்லிமீட்டர் மரை. நெருக்கமான மரை என்பதால் கோணலாக ஏறினால் சட்டென்று கெட்டுப்போகும். ஐந்து நட்டையும் விரலால் குறைந்தது நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். விரலுக்கு இறுகினால் கழற்றி மறுபடி தொடங்குங்கள். ஏர் கன்னால் தொடங்க யாரையும் விடாதீர்கள். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். வழுக்கும் மரையில் ரெஞ்ச் அதே 120ஐக் காட்டினாலும் ஸ்டட் அதைவிட அதிகமாக இழுபடும்.

காற்றில் இருக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்றாக, நட்சத்திர வரிசையில் லேசாக முடுக்கி, காரை இறக்கி, டயர் தரையைத் தொட்டதும் அதே வரிசையில் இரண்டு சுற்றாக முடுக்குங்கள். முதல் சுற்று 80, இரண்டாவது சுற்று 120 நியூட்டன் மீட்டர். பவுண்டு அடிக் கணக்கில் 89. கடைக்காரர் முடுக்கினாலும் இந்த எண்ணைச் சொல்லி, டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். அளவில்லாமல் ஏர் கன் போட்டால் ஸ்டட் நீளும், டிஸ்க் சீரற்று இறுகும். பிறகு பிரேக் மிதியில் துடிப்பு தெரியும்போது யாரும் டயர் மாற்றிய நாளை நினைத்துப் பார்ப்பதில்லை.

காற்றளவை ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய தாளிலிருந்து எடுங்கள். பக்கச் சுவரில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச எண், நீங்கள் அடிக்க வேண்டிய எண் அல்ல. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற காரில் அளக்க வேண்டும். வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். மதிய வெயிலில் சரியாக அடித்த காற்று மறுநாள் விடியலில் குறைந்திருப்பது கசிவு அல்ல.

அலைன்மென்ட்

புது டயர், சரியான காற்று, இந்த இரண்டும் ஆன பிறகே அலைன்மென்ட், அதாவது வீல்களின் கோணங்களைச் சரிசெய்வது. தொடக்கத்தில் எழுதிய 12 எண்களை இப்போது எடுத்துப் போங்கள். "அலைன்மென்ட் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னால் எண்கள் மெஷின் காட்டும் பச்சை எல்லைக்குள் இருக்கின்றன என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பச்சை என்பது அகலமான எல்லை. இடப்பக்கம் அதன் ஒரு முனையிலும் வலப்பக்கம் மறுமுனையிலும் இருந்தாலும் பச்சைதான். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும், டோ முடிந்தவரை பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்க வேண்டும், பின்னால் மிகச் சிறிய அளவில் உள்நோக்கித் திரும்பிய டோ இருக்கலாம் என்று கேளுங்கள். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை அச்சிட்ட தாளை வாங்கிக்கொள்ளுங்கள். முன் வெளித்தோள் தேய்வு உங்கள் பிரச்சினையாக இருந்தால், ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டு ஒரு டிகிரி அளவுக்கு எதிர்க் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்நோக்கிய சாய்வு) எடுப்பது செலவு குறைந்த தீர்வு. கேம்பர் மாறினால் டோவும் மாறும், இரண்டையும் ஒரே தடவையில் செய்ய வேண்டும்.

முதல் சில நூறு கிலோமீட்டர்

டயரை மாட்டும்போது தடவிய சோப்புக் குழம்பு காய ஒரு நாளாவது ஆகும். அன்றே கடும் பிரேக்கும் முழு ஆக்சிலரேட்டரும் கொடுத்தால் டயர் ரிம்முக்குள் கொஞ்சம் திரும்பிவிடும். பார்க்கத் தெரியாது, ஆனால் செய்த பேலன்ஸ் வீணாகும். வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால், திரும்பியதா என்று அறியலாம். அச்சில் வார்த்த புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 300 கிலோமீட்டர் வரை, குறிப்பாக மழையில், நிதானமாக ஓட்டுங்கள். பழைய வழுக்கை டயரின் எல்லையை உங்கள் கை பழகியிருக்கிறது, புதியதன் எல்லை வேறு.

80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி 120இல் சரிபாருங்கள்.

80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முன் வீல் பேலன்சைச் சந்தேகப்படுங்கள், இருக்கை நடுங்கினால் பின் வீலை. கார் ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட்காரரைக் குறை சொல்ல வேண்டாம். அம்புக்குறி இல்லாத டயர் என்றால் முன் இரண்டு வீலையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் கோளாறு டயருக்குள். கடையில் வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லலாம். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் தாளை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள்.

நான்கு வீலும் ஒரே அளவு என்பது இந்தக் காரின் பெரிய வசதி. 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பின் வீல்களை நேராக முன்னுக்கும், முன் வீல்களைக் குறுக்காகப் பின்னுக்கும் மாற்றினால் நான்கும் ஒன்றாகத் தேயும். அம்புக்குறி டயராக இருந்தால் முன் பின் மட்டும், குறுக்கே கூடாது. ஒவ்வொரு முறையும் அதே 12 அளவுகளை எடுத்து, கிலோமீட்டரோடு சேர்த்து எழுதி வையுங்கள்.